காவிரியா, காவேரியா? ஓர் ஆற்றுப்பெயரின் இடையுயிரும் பொருள் விளக்கங்களும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரி என்னும் பெயர்க்குச் சோலைகளை விரிப்பது, காகம் விரித்தது, கவேரனின் மகள் எனப் பல பொருள்கள் கூறப்பட்டு வருகின்றன. இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றும் அப்பெயரின் இடையில் நிற்கும் உயிர் இன்னதே என்னும் முற்கோளின் மீது அமைந்துள்ளன. ஆனால் பழைய இலக்கியங்களிலும் கல்வெட்டிலும் அயலார் குறிப்புகளிலும் அவ்வுயிர் இகரமாகவும் ஈகாரமாகவும் ஏகாரமாகவும் காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு அப்பொருள் விளக்கங்களை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: காவிரி, காவேரி, கவேரன், பொன்னி, ஆற்றுப்பெயர், சொற்பிறப்பு, கானல்வரி, திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு.

முன்னுரை

குடகு நாட்டின் பிரம்மகிரி மலையில் தலைக்காவேரி என்னுமிடத்தில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரை அடுத்துக் கடலில் கலக்கும் காவிரி, கங்கைக்கு நிகரான புனித ஆறாக இந்துக்களால் போற்றப்படுவது. 'தென்கங்கை' என்னும் வழக்கும் அதற்குண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் ஒருபடி மேலே சென்று, தூய்மையில் கங்கையினும் இதனை உயர்த்திப் பாடினார்.

இத்தகைய ஆற்றின் பெயர்க்குப் பொருள் யாது என்னும் வினா மொழியியலார்க்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. 1892, 1924ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் தொட்டு, 2007ஆம் ஆண்டின் நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை நீர்ப்பங்கீடு பற்றிய வழக்கு நீண்ட காலத்தில், பெயரின் பொருளும் உரிமைப் பேச்சின் ஒரு பகுதியாகிவிட்டது. தமிழ்ப்பெயர் என நிறுவினால் ஆறு தமிழர்க்கு உரியதாகிவிடும் என்றும், வடமொழிப்பெயர் என நிறுவினால் அவ்வுரிமை குன்றிவிடும் என்றும் எண்ணுவார் போல இருதரப்பினரும் எழுதியுள்ளனர். சொல்லாராய்ச்சி பட்டயப் பதிவன்று. பெயர் எம்மொழியில் பிறந்தது என்பதற்கும் நீர் எவர்க்கு எவ்வளவு என்பதற்கும் தொடர்பில்லை.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தினார். ஒரு பெயர் பெருமை பெறுந்தோறும் அதனைக் காரணப்பெயராகக் காட்டும் விழைவும் வளர்வது இயல்பு. சொற்கள் பொருளுணர்த்துவதற்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறிய கருத்து இவ்விழைவுக்கு ஒரு கடிவாளம். காவிரி பற்றிய விளக்கங்களைக் காணுமிடத்து அக்கடிவாளம் பெரிதும் வேண்டப்படுகின்றது.

சோலை விரித்த ஆறு

தமிழறிந்தோரிடையே மிகுதியும் வழங்கும் விளக்கம், 'கா' என்னும் சோலைப் பெயரும் 'விரி' என்னும் வினையும் சேர்ந்து 'காவிரி' ஆயிற்று என்பது. தான் செல்லும் வழியெல்லாம் சோலைகளை விரித்துச் செல்வதனால் இப்பெயர் பெற்றது என்பர்.

இலக்கண நோக்கில் இவ்விளக்கத்தை எளிதில் ஒதுக்க இயலாது. வினையடி முன்னும் பெயர் பின்னுமாக 'விரிகா' என்றல்லவா தொகை அமைய வேண்டும் என வினவலாம். அங்ஙனம் அமைந்தால் அது சோலையின் பெயராகுமேயன்றி ஆற்றின் பெயராகாது. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மண்ணை வெட்டுவது மண்வெட்டி எனச் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வந்து, இறுதியில் இகரவிகுதி ஏற்று வினைமுதலையோ கருவியையோ உணர்த்தும் பெயர்கள் தமிழில் பல. 'விரி' என்னும் வினையடி தானே இகரத்தில் முடிவதால், அவ்விகுதி சேர்ந்தாலும் வடிவில் வேறுபாடு தோன்றாது. ஆகவே காவை விரிப்பது 'காவிரி' என்பது தமிழ்ச் சொல்லாக்கத்துக்கு இயைந்த வடிவமே. ஆயினும், ஒரு சொல் இவ்வாறு பிரிக்கத்தக்கது என்பதற்கும் இவ்வாறே பிறந்தது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

நிலவியல் நோக்கிலும் இவ்விளக்கத்தின் வேர் எங்குள்ளது என்பதைக் காணலாம். கரூர் மாவட்டத்து மாயனூர் தொடங்கி முக்கொம்பு வரை ஆறு ஒரே அகன்ற பரப்பாகச் செல்லும் பகுதிக்கு 'அகண்ட காவிரி' என்பது பெயர். அகண்டம் என்பது பிளவுபடாதது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகின்றது; கல்லணையில் வெண்ணாறு பிரிகின்றது; அதன்பின் அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் எனக் கிளைகள் பெருகுகின்றன. தான் கொண்ட நீரையெல்லாம் கழனிகளுக்குப் பகிர்ந்தளித்து, பூம்புகாரை அடையுங்கால் முதன்மை ஆறு ஒரு வாய்க்காலளவினதாகச் சுருங்கி நிற்பதை இன்றும் காணலாம். ஆறு இவ்வாறு கிளைத்துச் சென்று நாட்டை உண்பிப்பதைப் புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் குறிப்பிடுகின்றார். பொருநராற்றுப்படையின் இறுதி, கரிகாலனது நாட்டைக் காவிரியால் பேணப்படும் நாடாகக் காட்டி முடிகின்றது. 'விரித்தல்' என்னும் சொல் இந்த வடிநிலத்தவர் கண்ட காட்சிக்கு முற்றும் பொருந்துவது.

பொருத்தத்தின் எல்லையும் அதுவே. பெயர் வடிநிலத்தில் பிறந்து மலை நோக்கி ஏறியிருந்தாலன்றி இவ்விளக்கம் செல்லாது. குடகின் மலைச்சரிவில் சிற்றோடையாக இறங்கும் நீரை முதலிற் பெயரிட்டு அழைத்தவர்க்குச் சோலைகளை விரிக்கும் காட்சி கண்முன் இருந்திருக்க வழியில்லை. ஆறுகள் முகத்துவாரத்திலிருந்து மேனோக்கிப் பெயர் பெறுவது உலகில் இல்லாததன்று என்பதால் இதனை முடிந்த மறுப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை; ஆயினும் விளக்கம் சொல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடர்ப்பாடு இது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிக்கு மலையைத் தலையாகவும் கடலை எல்லையாகவும் கூறி, ஆறு முழுவதையும் ஒருசேர நோக்குகின்றார். தலைக்காவேரி என்னும் இடப்பெயரிலும் அதே 'தலை' உள்ளது.

இவ்விளக்கத்துக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து துணை கிடைக்கின்றது. திருச்சிராப்பள்ளிக் குன்றின் மேற்குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த 7ஆம் நூற்றாண்டு வடமொழிக் கல்வெட்டு, காவிரியைக் கண்ணுக்கினிய நீருடையவளாகவும் சோலைகளை மாலையாக அணிந்தவளாகவும் வருணிக்கின்றது. ஆறுகளை விரும்பும் சிவபெருமான் இவளையும் கண்டு மயங்கிவிடுவானோ என அஞ்சிய மலைமகள், பிறந்தகம் விட்டு இக்குன்றிலேயே வந்து தங்கி, இவள் பல்லவனின் காதலி எனச் சொல்லிக்கொண்டிருப்பதாக அதன் கற்பனை விரிகின்றது. சோலைமாலை என்னும் அடை, தமிழ்ப்பெயரின் பொருளாகச் சொல்லப்பட்ட 'கா'வை உளங்கொண்டு அமைந்ததா, குன்றின் மேல் நின்று கண்ட காட்சியிலிருந்து அமைந்ததா என்பதைக் கல்வெட்டுச் சொற்களைக் கொண்டு மட்டும் துணிதல் அரிது. வடமொழியிற் பாடிய புலவனும் தமிழில் விளக்கம் சொன்னவரும் ஒரே காட்சியையே கண்டனர் என்பதுவரை ஐயமில்லை.

கவேரன் மகள்

வடமொழி மரபில் பெயர் விளக்கம் வேறுவகையில் அமைகின்றது. கவேரன் என்னும் அரசனின் அல்லது முனிவனின் மகள் ஆதலின் காவேரீ என்பது அது. பாணினியம் கூறும் தத்தித முறைப்படி இது குற்றமற்ற ஆக்கம். சனகன் மகள் சானகி, துருபதன் மகள் திரௌபதி, பருவதத்தின் மகள் பார்வதி என்பவற்றில் தந்தை பெயரின் முதலுயிர் விருத்தி பெற்று, இறுதியில் பெண்பால் ஈகாரம் சேர்கின்றது. அதே முறையில் கவேர என்பதன் முதல் அகரம் ஆகாரமாகிக் காவேரீ பிறக்கும். கி.பி. 7-8ஆம் நூற்றாண்டளவினதாகிய தெலுங்குச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாடுச் செப்பேடு, கரை கடந்த கவேரன் மகளைக் கட்டுப்படுத்தியவன் எனக் கரிகாலனைப் புகழ்வதால், அக்காலத்தில் இத்தொடர் அரசு ஆவணங்களில் இடம்பெறுமளவு நிலைபெற்றிருந்தமை புலனாகும்.

தமிழில் இக்கதையை மணிமேகலை அறிந்திருக்கின்றது. புகார் நகரின் சோலைகளைக் குறிப்பிடுமிடத்தில், காவிரிப்பாவையின் தந்தையாகிய கவேரன் இருந்த கவேரவனம் ஒன்றைச் சாத்தனார் சொல்கின்றார். பதிகத்தில் காந்தமன் என்னும் சோழன் வேண்ட, அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி பெருகிய கதையும் வருகின்றது. இவ்விடத்தில் சாத்தனாரின் சொல்லாட்சி உற்று நோக்கத்தக்கது. ஒரே தொடரில் மகளின் பெயர் இகரத்தோடு 'காவிரி' என்றும் தந்தையின் பெயர் ஏகாரத்தோடு 'கவேரன்' என்றும் வருகின்றன. தந்தை பெயரிலிருந்து மகள் பெயர் பிறந்தது என்பது கதையின் உட்கிடையாயின், தமிழில் 'காவேரி' என்பதன்றோ இயல்பாக வரவேண்டும்? ஆற்றின் பெயர் ஏற்கனவே 'காவிரி' எனத் தமிழில் ஊன்றியிருந்தது. தந்தை பின்னர் வந்து சேர்ந்தான் எனக் கொள்வதற்கு இத்தொடர் இடந்தருகின்றது.

கவேரன் பின்னர் வந்தவன் என்பதற்கு வடமொழி நூல்களிலேயே வேறு சான்றும் உண்டு. அரிவம்சத்தில் காவேரீ யுவனாசுவனின் மகளாகவும் சன்னுவின் மனைவியாகவும் வருகின்றாள். சாபத்தால் கங்கை தன் உடலின் பாதியைக் கொண்டு காவிரியானாள் என்பது அங்குள்ள செய்தி. காவிரிக்கு 'அர்த்தகங்கை' என்னும் பெயர் வழங்குவதற்கு இக்கதையே அடிப்படை. அதாவது, பெயருக்குரிய தந்தை கவேரனே என்பதில் வடமொழி மரபும் ஒருமுகப்பட்டு நிற்கவில்லை. காவேரி மாகாத்மியத்தில் இவள் பிரமனின் மகள். கவேரனுக்கு வளர்ப்பு மகளாகத் தரப்பட்டவள். உலோபாமுத்திரையாக அகத்தியரை மணந்தவள். தன்னைத் தனியே விட்டு நீங்கலாகாது என்னும் உறுதிமொழி பிறழ்ந்தபோது ஆறாகப் பெருகியவள். சானகிக்குச் சனகனும் திரௌபதிக்குத் துருபதனும் தமக்கெனத் தனிவரலாறு உடையவர்கள். கவேரனுக்கோ காவிரியின் தந்தை என்பதற்கு மேற்பட்ட வரலாறு பெரிதாக இல்லை. ஆற்றுப்பெயரிலிருந்து தந்தையின் பெயர் பின்னோக்கி ஆக்கப்பட்டது என்னும் முடிபே இதனால் வலுப்பெறுகின்றது.

ஆயினும் இக்கதையைப் பொருளற்றது எனத் தள்ளுவது ஆய்வு நெறியாகாது. குடகில் காவேரம்மை குலதெய்வம். தலைக்காவேரியின் ஊற்றுவாய் 'குண்டிகே' எனப்படும்; தமிழிலும் முனிவர் கரகத்துக்குக் குண்டிகை என்பது பழம்பெயர். மண்ணிலிருந்து சிறிதாகக் கொப்பளிக்கும் நீரைக் கண்டவர்க்குக் கரகத்திலிருந்து நழுவிய நீர் என்பதும், ஒருவரது பொறுப்பிலிருந்து தப்பிச் சென்ற மகள் என்பதும் இயல்பான உருவகங்கள். வடிநிலத்தவர்க்கு 'விரித்தல்' எப்படியோ, மலைநிலத்தவர்க்கு 'மகண்மை' அப்படி.

காகமும் காவியும்

மூன்றாவது விளக்கம் கந்தபுராணக் கதையை ஒட்டியது. சீகாழியில் இந்திரன் வளர்த்த நந்தவனம் வாட, விநாயகர் காக வடிவெடுத்து அகத்தியரின் கரகத்தைக் கவிழ்த்தார். காகம் விரித்த ஆறு காவிரியாயிற்று என மக்கள் கூறுவர். காகத்தின் கரைதலைக் 'கா' என்னும் ஒலியாகக் கொண்ட இவ்விளக்கம் சொற்பிறப்பு ஆகாது. கதை பெயரைத் தேடிச் சென்று பற்றிய இடம் அது. ஆனால் இதிலும் 'விரி' மாறாமல் நிற்பதும், கதைக்குள் வாடிய நந்தவனம் ஒன்று இருப்பதும் கவனத்திற்குரியன. 'கா' என்பதன் சோலைப்பொருளைக் கதை முழுவதும் மறந்துவிடவில்லை.

செம்மண் நிறத்தைக் குறிக்கும் 'காவி' என்னும் சொல்லோடு இணைத்துப் புதுவெள்ளத்தின் நிறத்தால் பெயர் வந்தது என்பாரும் உளர். இறுதியிலுள்ள 'ரி'க்கு இவர்கள் தரும் விளக்கம் நிறைவளிப்பதாக இல்லை. 'ஏரி' எனக் கொண்டு 'காவி ஏரி' என்று பிரிப்பது, ஓடும் ஆற்றுக்குத் தேங்கும் நீர்நிலையின் பெயரைத் தருவதாகும்.

இடையுயிரின் வரலாறு

மேற்கண்ட விளக்கங்களை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். சோலை விளக்கத்துக்கும் காக விளக்கத்துக்கும் இடையுயிர் குற்றிகரமாக இருந்தே தீரவேண்டும் (இங்குக் குற்றிகரம் என்றது குறில் இகரத்தை, குற்றியலிகரத்தை அன்று). 'காவேரி' என்றால் 'விரி' இல்லை. கவேரன் விளக்கத்துக்கு அது ஏகாரமாக இருந்தே தீரவேண்டும். 'காவிரி' என்றால் கவேரன் இல்லை. பெயரின் பொருள் பற்றிய பூசல் முழுவதும் உண்மையில் ஓர் உயிரெழுத்தின் மீது நடப்பது. ஆகவே பொருளை விடுத்து அவ்வுயிரின் வரலாற்றைத் தேடுவதே முதற்பணி.

சங்கத் தொகை நூல்களிலும் பாட்டுகளிலும் பரவலாகக் காணப்படும் வடிவம் 'காவிரி'. சிலப்பதிகாரத்தின் பிற பகுதிகளிலும் அதுவே மிகுதி. ஆனால் கானல்வரியின் ஆற்றுவரிப் பாடல்களில் ஒவ்வொரு பாட்டும் 'காவேரி' என்னும் விளியில் முடிகின்றது. சோழன் கங்கையையும் கன்னியையும் கூடினும் ஊடாத கற்புடையவளாக ஆற்றை வாழ்த்துவன அப்பாடல்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்தெழுதிய பயணநூலான 'நடந்தாய் வாழி காவேரி'யின் தலைப்பு அங்கிருந்து வந்ததே.

இளங்கோவடிகள் இங்கு வடிவத்தை மாற்றியது ஏன்? யாப்பு ஒரு விடை தருகின்றது. அப்பாடல்களின் ஓரடி, மாச்சீர் இரண்டும் காய்ச்சீர் ஒன்றுமாக இருமுறை மடங்கி வருவது. அடியின் இறுதியில் காய்ச்சீர் வரவேண்டும். 'காவிரி' என்பது நேர், நிரை என அலகு பெற்றுக் கூவிளம் ஆகும், அவ்விடத்துக்குப் பொருந்தாது. 'காவேரி' என்பது நேர், நேர், நேர் என நின்று தேமாங்காய் ஆகும், ஓசை நிறையும். ஆகவே 'காவேரி' யாப்பின் பொருட்டு எடுத்தாளப்பட்ட வடிவம் எனலாம்.

ஆனால் இதனைச் செய்யுள் விகாரம் எனக் கூறி முடித்துவிடுதல் பொருந்தாது. குறில் நெடிலாக நீளும் விகாரத்தில் இகரம் ஈகாரமாக வேண்டும். 'காவீரி' என வந்திருப்பினும் தேமாங்காயே கிடைத்திருக்கும். கவிஞர் 'காவீரி' என நீட்டாமல் 'காவேரி' என்றார் எனின், அவ்வடிவம் அவர் காலத்தில் கேட்போர்க்குப் பழகிய ஒன்றாக இருந்திருத்தல் வேண்டும். இருவடிவங்களும் அருகருகே வழங்கின. புலவர் இடத்துக்கேற்றதைத் தெரிந்தெடுத்தார்.

வியப்பாக, 'காவீரி' என்னும் வடிவமும் வேறிடத்தில் கிடைக்கின்றது. முற்கூறிய திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு ஆற்றின் பெயரை ஈகாரத்தோடு 'காவீரீ' என்றே பொறித்துள்ளது. பாலி மொழியில் அமைந்த அகித்தி சாதகக் கதை, தமிழ்நாட்டிலிருந்த துறைமுக நகரைக் 'காவீரபட்டணம்' என்கின்றது. காலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டு சான்றுகளும் ஒரே உயிரைக் காட்டுவதால் இதனை எழுத்துப்பிழை எனத் தள்ளுதல் இயலாது. கவேரன் மகள் கதை பல்லவர் காலத்தில் எல்லா வடமொழிப் புலவர்க்கும் கட்டாயமாக இருந்ததில்லை என்பதும் இதனால் விளங்கும். 'காவீரீ' என எழுதியவனுக்குக் கவேரன் தேவைப்படவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி ஆற்றைக் 'கபேரோசு' என்றும் அதன் முகத்து வணிக நகரைக் 'கபேரிசு' என்றும் குறித்தார். இடையில் அவர் இட்ட கிரேக்க எழுத்து 'ஈட்டா'. பழங்கிரேக்கத்தில் நெடிய ஏகாரத்தை ஒத்து ஒலித்த இவ்வெழுத்து, தாலமியின் காலத்தை ஒட்டி ஈகார ஒலியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆகவே தாலமியைச் சான்று காட்டி ஏகாரமே பழமையானது என்பார் கூற்று, தோன்றுமளவு உறுதியானதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு கருத்தை முன்வைக்கலாம். வடமொழியின் ஏகாரம் தமிழில் புகுங்கால் தேவன், வேதம் என ஏகாரமாகவே நிற்பது பெருவழக்கு. 'காவேரீ' தமிழுக்கு வந்திருப்பின் 'காவிரி' எனக் குறுகக் காரணமில்லை. மறுதலையாக, தமிழில் இடையில் நின்ற ஒரு குற்றுயிரைக் கேட்ட வடநாட்டார் அதனை ஒருகால் ஈகாரமாகவும் ஒருகால் ஏகாரமாகவும் பதிவு செய்திருக்கக்கூடும். வடமொழியில் குறில் எகரம் இல்லை. இகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டு ஒலித்த ஓர் உயிரை எழுத முற்பட்டவர்க்கு 'வீ', 'வே' என்னும் இரண்டும் எட்டத்தக்க வாய்ப்புகள். கவேரன் கதை பரவிய பின் 'வே' வலுப்பெற்று, ஏனையது மறைந்தது. இது கருதுகோளே, ஆயினும் மூவுயிர்ச் சான்றுகளையும் பிழையெனத் தள்ளாமல் ஏற்பது.

இக்கருதுகோள் 'சோலை விரித்த' என்னும் விளக்கத்தை மெய்ப்பித்துவிடாது. ஒலிப்பில் உயிர் தெளிவற்று இருந்தது என்றால், 'விரி' என்னும் வினையும் அங்கே தெளிவாக இருந்திருக்காது. பொருள் தெரிந்த வினைச்சொல்லின் உயிரைத் தமிழர் மங்க விட்டிருக்க மாட்டார்கள். தமிழ் வழிப்பட்ட பெயர் என்பதற்குச் சான்று சற்றுக் கூடுதலாகவும், தமிழ்ப்பொருள் இன்னது என்பதற்குச் சான்று குறைவாகவும் அமைவது இரு கட்சியினர்க்கும் உவப்பானதாக இராது.

வேறு காவேரிகள்

காவேரி என்னும் பெயருடைய ஆறு தெற்கில் மட்டும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஓங்காரேசுவரத்தை அடுத்து நர்மதையில் கலக்கும் ஆறு ஒன்றும், குசராத்தின் நவசாரிப் பகுதியில் அம்பிகை ஆற்றோடு சேரும் ஆறு ஒன்றும் இப்பெயரின. மச்சபுராணத்தின் நர்மதை மாகாத்மியம் காவேரி-நர்மதைக் கூடலைக் குபேரன் தவஞ்செய்த இடமாகப் போற்றுகின்றது. புகழ்பெற்ற ஆற்றின் பெயரைச் சிற்றாறுகளுக்கு இடுவது நாடெங்கும் உள்ள வழக்கம் ஆதலின், தென்னாற்றின் பெயர் வடக்கே சென்றது எனக் கொள்வதில் தடையில்லை. பெயர் பயணம் செய்தபோது உடன் சென்றது 'காவேரி' என்னும் ஏகார வடிவமே என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

பொன்னி

காவிரியின் மற்றொரு பெயர் இத்தகைய சிக்கல் எதற்கும் இடம் தராதது. 'பொன்' என்பதனோடு பெண்பால் இகரம் சேரப் 'பொன்னி' ஆயிற்று. நீர் பரந்து பொன்னைக் கொழித்துச் செல்வதாகப் பட்டினப்பாலை கூறுவதில் இதன் காரணம் உள்ளது. கொழித்தல் என்பது அலையால் ஒதுக்கித் தருதல். வண்டல் மண்ணின் நிறத்தைச் சொன்னார் என்றோ, அவ்வண்டல் விளைத்த நெல்லின் நிறத்தைச் சொன்னார் என்றோ, ஆற்று மணலிற் கிடைத்த பொற்றுகளைச் சொன்னார் என்றோ கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும் பெயர் நிற்கும். வடமொழி அகராதிகள் 'காவேர' என்பதற்குக் குங்குமப்பூ என்றும் 'காவேரீ' என்பதற்கு மஞ்சள் என்றும் பொருள் தருவது இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி. நிறத்தால் இவை ஒன்றுபடுகின்றன. ஆற்றின் பெயரால் மஞ்சள் பெயர் பெற்றதா, மஞ்சள் நிறத்தால் ஆறு பெயர் பெற்றதா என அகராதியைக் கொண்டு துணிய முடியாமையால் இதன்மேல் ஒரு கோட்பாட்டைக் கட்டுதல் தகாது.

'பொன்னி'க்குக் கதை பிறக்காதது எண்ணத்தக்கது. பொருள் வெளிப்படையாக உள்ள பெயர்க்குத் தந்தை, காகம், கரகம் ஆகியன வேண்டப்படவில்லை. இன்று அது நெல்வகையின் பெயராகவும் கல்கியின் புதினத் தலைப்பிலும் இயல்பாக வாழ்கின்றது. பொருள் மறைந்த பெயரே கதைகளை ஈர்க்கின்றது.

வழக்கும் பதிப்பும்

இன்றைய தமிழ்நாட்டில் எழுத்து வழக்கில் 'காவிரி' செம்மை வடிவமாகவும் பேச்சில் 'காவேரி' பொதுவடிவமாகவும் உள்ளன. மக்கட்பெயராக இடுங்கால் 'காவேரி' என்பதே மிகுதி. ஆடிப்பெருக்கில் காதோலை கருகமணி இட்டு ஆற்றைச் சூல்கொண்ட பெண்ணாக வழிபடுவோரும், ஐப்பசியில் மயிலாடுதுறையில் துலா நீராடுவோரும் 'காவேரித் தாய்' என்றே மிகுதியும் அழைக்கின்றனர். துலா சங்கிரமணத்தன்று தலைக்காவேரியில் ஊற்றுப் பெருகுவதைக் காணத் திரளும் குடகரின் அழைப்பும் அவ்வடிவத்தினதே.

இந்நிலையில் 'காவேரி' என்பது வடமொழிக் கலப்பு, 'காவிரி' என்பதே தூய தமிழ் எனக் கொண்டு மேற்கோள்களையும் பழம்பாடல்களையும் 'திருத்தி' அச்சிடும் போக்குப் பாடநூல்களிலும் மேடைத் தொகுப்புகளிலும் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. கானல்வரியின் அவ்விளியைக் 'காவிரி' என மாற்றினால், முதலில் யாப்புச் சிதையும். இருவடிவங்களும் ஒரே நூலில் உடன்வாழ்ந்தமைக்கான சான்று அடுத்து மறையும். திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டின் 'காவீரீ'யைப் பெயர்த்தெழுதுவோர் அதனைக் 'காவேரீ' என இயல்பாக்கிவிடும்போதும் இழப்பு இத்தகையதே.

மின்பதிப்புகளில் இச்சிக்கல் வேறு முகம் கொள்கின்றது. சங்க இலக்கியத் தரவகங்களில் 'காவிரி' எனத் தேடுவோர்க்கு ஆற்றுவரிப் பாடல்கள் கிட்டா. 'காவேரி' எனத் தேடுவோர்க்குப் பட்டினப்பாலை கிட்டாது. தேடலை எளிதாக்கும் பொருட்டு இரண்டையும் ஒன்றாக்கிப் பதிவேற்றுவதினும், மூலபாடத்தை உள்ளவாறே விடுத்து, காவிரி, காவேரி, காவீரி, பொன்னி என்பவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ்ச் சுட்டியால் இணைப்பது தொழில்நுட்ப நிலையில் கடினமானதன்று. ஆற்றுப்பெயர்களுக்கு அத்தகைய சுட்டி ஒன்று அமையுமாயின், பாலாறு, பெண்ணை, பொருநை முதலியவற்றின் வடிவ வேறுபாடுகளையும் இவ்வாறே காலவரிசையில் வைத்து ஆராயலாம்.